பழைய டிரம்மின் பூர்வீகத்தைக் கேளுங்கள்

காயலான் கடையில் நீல நிற பிளாஸ்டிக் டிரம் வாங்கி, சோப்புப் போட்டுக் கழுவி, தண்ணீர் பிடித்து வைப்பது நம் ஊர்களில் சாதாரணம். மாடித் தோட்டத் தொட்டியும் அதுதான், கீரை விளைவதும் அதில்தான். பழைய பொருளுக்கு மறுவாழ்வு கொடுப்பது நல்ல காரியம். செலவு மிச்சம், குப்பையும் குறையும். ஆனால் அந்த டிரம்மில் முன்பு என்ன வந்தது என்று எத்தனை பேர் கேட்கிறோம்?

பூச்சிமருந்தா, சாயப்பட்டறை ரசாயனமா, சமையல் எண்ணெயா என்பது பார்வைக்குத் தெரியாது. சில ரசாயனங்கள் பிளாஸ்டிக்குக்குள்ளேயே ஊறிவிடும். எத்தனை முறை கழுவினாலும் முழுதாகப் போகாது. பிறகு ஊற்றும் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். மண்டையோடு, சிவப்புச் சாய்சதுரக் குறி, அபாய எண் என எது தென்பட்டாலும் வாங்காதீர்கள். லேபிள் சுரண்டப்பட்டிருந்தால் அதையும் எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

இரும்பு டிரம்மில் ஆபத்து இன்னும் கொடியது. 200 லிட்டர் டிரம்மை அறுத்து அடுப்பு செய்யலாம் என்று கிரைண்டரையோ கேஸ் கட்டரையோ வைக்கிறார்கள். மூடியைத் திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை, காலி. ஆனால் தின்னரோ எண்ணெயோ இருந்த டிரம்மில், அடியில் ஒட்டிய சில சொட்டுகளே ஆவியாகி நிறைந்திருக்கும். ஒரு பொறி போதும், டிரம் குண்டு போல வெடிக்கும். நிறைந்த டிரம்மைவிடக் காலி டிரம்தான் இங்கே ஆபத்து. பூர்வீகம் தெரியாத டிரம்மை வெட்டவே கூடாது.

அபாயகர ரசாயனம் ஒட்டிய காலி பீப்பாய்களையும் 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள் அபாயகரக் கழிவு என்றே சொல்கின்றன. அனுமதி பெற்றவர்களிடம்தான் ஆலைகள் அவற்றைக் கொடுக்க வேண்டும். அப்படிப்பட்ட டிரம்கள் உங்கள் தெருக்கடையில் குவிந்திருந்தால், மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுக்கலாம்.

காரைக்குடி பழம்பொருள் கடைகளிலிருந்து பர்மா தேக்குக் கதவு வாங்கிப் புதுவீட்டில் மாட்டுவோர் உண்டு. மரம் அருமையானது, கவலை மேலே உள்ள பெயின்டில். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சை உப்புத்தாளால் உலரத் தேய்த்தால் ஈயத்தூசி தரையில் படியும்; தவழும் குழந்தையின் கை வழியே வாய்க்குப் போகும். குழந்தையின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும். இந்த அளவு வரை பரவாயில்லை என்று எந்த எல்லையும் இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. பூச்சு உரியாமல் இருந்தால் சுரண்டாமல் மேலேயே புதுப் பெயின்ட் அடியுங்கள். தேய்த்தே ஆக வேண்டுமென்றால் நனைத்துத் தேயுங்கள். பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வர வேண்டாம்.

பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை அறுக்கவோ துளை போடவோ கூடாது. அதன் இழைகள் தரும் புற்றுநோய் பல பத்தாண்டுகள் கழித்தே தலைகாட்டும். மரப் பேலட்டில் ‘எம்பி’ முத்திரை இருந்தால், அது மீத்தைல் புரோமைடு புகையூட்டப்பட்டது. ‘எச்டி’ என்றால் வெப்பத்தால் பதப்படுத்தியது, அதையே தேர்ந்தெடுங்கள்.

பழையது என்பதால் உரிமை போய்விடாது. உயிருக்கு ஆபத்தான பொருளை விற்றவர்மீது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார் செய்யலாம். அதற்குப் பில் பெரிய துணை. எந்தப் பொருள் வந்த டிரம் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வாங்கும்போதே படமும் எடுத்து வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு 2 ஆண்டுகளுக்குள் போக வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை.

ரசாயனம் உடலில் பட்டாலோ வயிற்றுக்குள் போனாலோ 108-ஐ அழையுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். டெல்லி எய்ம்ஸின் தேசிய நச்சுத் தகவல் மையத்தின் இலவச எண் 1800 116 117. இன்றே கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள்.