உங்களுக்குத் தெரியுமா? உலா வரும் உலாவிகள்

திருவண்ணாமலைக்காரர்களுக்கு 'உலா' என்ற சொல்லுக்கு யாரும் பொருள் சொல்ல வேண்டியதில்லை. கார்த்திகைத் தீபத் திருவிழா நடக்கும் நாட்களில் மாட வீதிகளில் காலையிலும் இரவிலும் சுவாமி புறப்பாடு உண்டு. தீபம் முடிந்த பிறகு ஒரு முறை, தைத் திருவூடலை ஒட்டி ஒரு முறை, அண்ணாமலையாரே மலையைச் சுற்றிக் கிரிவலம் வருகிறார். இணையத்தில் பக்கம் பக்கமாகப் போய்வர உதவும் 'பிரௌசர்' என்ற மென்பொருளுக்குத் தமிழில் 'உலாவி' என்று பெயர் வைத்தவர்களும் இதே சொல்லைத்தான் எடுத்தார்கள். ஆங்கிலத்தில் 'பிரௌஸ்' என்பதன் பழைய பொருள், ஆடு மாடு தழையைக் கடித்து மேய்வது. நம்மவர்கள் மேய்ச்சலை விட்டுவிட்டு நடையைப் பிடித்துக்கொண்டார்கள். தமிழ்க் கலைச்சொற்களில் எனக்கு மிகவும் பிடித்தவற்றில் இது ஒன்று.

*

உலாவிகளுக்கு வைத்த பெயர்களிலும் பயணம்தான். 1994இல் வந்த நெட்ஸ்கேப்பின் 'நேவிகேட்டர்' கப்பலுக்கு வழி காட்டுபவர். 1995இல் வந்த 'எக்ஸ்ப்ளோரர்' புது நாடு தேடிப் போகிறவர். ஆப்பிளின் 'சஃபாரி' (2003) சுவாஹிலி மொழிச் சொல். அதற்குப் பொருளே பயணம். 2023 மே மாதம் சோஹோ நிறுவனம் தன் உலாவியை வெளியிட்டபோது, சுற்றி வளைக்காமல் 'உலா' என்றே பெயர் சூட்டியது. இந்தியாவிலேயே உருவாகும் உலாவிகளுக்காக மத்திய அரசு நடத்திய போட்டியில் 2025இல் முதல் பரிசு, ஒரு கோடி ரூபாய், அதற்குத்தான் கிடைத்தது. கூகுள் திறந்து வைத்திருக்கும் 'குரோமியம்' என்ற அடித்தளத்தின் மீதுதான் அதையும் கட்டியிருக்கிறார்கள். இன்று உலகில் புழங்கும் உலாவிகளில் பெரும்பாலானவற்றுக்கும் அடித்தளம் அதுவே.

*

அதே நிறுவனத்தின் உரையாடல் செயலிக்குப் பெயர் 'அரட்டை'. 2021இல் வந்தது. 2025 செப்டம்பர் கடைசியில் திடீரென்று நாடெங்கும் பலர் அதை இறக்கிக்கொண்டபோது, தமிழே தெரியாதவர்கள் வாயிலும் 'அரட்டை' புகுந்தது. திண்ணையில் புழங்கிய சொல் தில்லி வரை போனதில் எனக்கு உள்ளபடியே மகிழ்ச்சி.

*

அக்னித் தலத்துக்காரர்கள் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2002இல் அதன் பெயர் 'ஃபீனிக்ஸ்', சாம்பலிலிருந்து எழும் பறவை. நெட்ஸ்கேப்பின் சாம்பலிலிருந்து எழுந்ததால் அந்தப் பெயர். வேறொரு நிறுவனம் அந்தப் பெயருக்கு உரிமை கொண்டாடியதால் 2003இல் 'ஃபயர்பேர்ட்' ஆனது. அந்தப் பெயரிலும் ஏற்கெனவே ஒரு மென்பொருள் இருந்தது. 2004இல்தான் 'ஃபயர்ஃபாக்ஸ்'. இரண்டு முறை பெயர் மாறியும் தீ மட்டும் அணையவில்லை.

*

'திருவண்ணாமலை' என்று எழுதிப் பாருங்கள். நமக்கு ஏழு எழுத்து. கணினிக்குப் பன்னிரண்டு. 'தி' என்பது அதற்கு ஓர் எழுத்து அல்ல. தகரம் ஒன்று, இகரக் குறி ஒன்று. 'ண்' என்றால் ணகரம், அதன் மேல் புள்ளி. இப்படி எண்ணினால் பன்னிரண்டு குறிகள் வரும். இணையத்தில் வழக்கமான யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒன்றுக்கு 3 பைட். ஆக, ஊர்ப் பெயருக்கு 36 பைட். ஆங்கிலத்தில் அதே பெயரை 14 எழுத்தில் எழுதினால் 14 பைட்தான்.

குறுஞ்செய்தியில் இந்த வேறுபாடு காசாகவே தெரியும். ஒரு எஸ்.எம்.எஸ்.ஸில் ஆங்கிலம் என்றால் 160 எழுத்து கொள்ளும். தமிழ் என்றால் 70 குறிதான். ஊர்ப் பெயரை இடைவெளி விட்டு எழுதிக்கொண்டே போனால் ஆங்கிலத்தில் பத்து முறை எழுதலாம், தமிழில் ஐந்தோடு நிற்க வேண்டும்.

*

பட்டன் போன் காலத்து வித்தை ஒன்று. அன்று என் கைப்பேசியில் தமிழ்த் தளம் எதைத் திறந்தாலும் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். போனில் தமிழ் எழுத்துருவே கிடையாது. ஓப்பரா மினி உலாவியை இறக்கிக்கொண்டு, முகவரிப் பட்டையில் 'ஓப்பரா' என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, 'கான்ஃபிக்' என்று சேர்த்தால் மறைவாக இருந்த ஒரு பக்கம் திறக்கும். அதில் சிக்கலான எழுத்துகளுக்குப் படவடிவைப் பயன்படுத்தலாமா என்றொரு கேள்வி இருக்கும். 'ஆம்' என்று மாற்றிச் சேமித்தால் போதும். அடுத்து திறக்கும் பக்கத்தில் கட்டங்கள் போய்த் தமிழ் வந்துவிடும்.

அதெப்படி? ஓப்பரா மினி பக்கத்தை நேரே கொண்டுவராது. முதலில் தன் சர்வருக்கு வரவழைத்துச் சுருக்கி, பிறகுதான் போனுக்கு அனுப்பும். அந்த இடத்திலேயே தமிழ் எழுத்துகளைச் சின்னச் சின்னப் படங்களாக வரைந்து அனுப்பிவிடும். போனுக்குத் தமிழ் தெரிய வேண்டியதில்லை, படம் காட்டத் தெரிந்தால் போதும். டேட்டா கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும். அதனால் என்ன? முதல் முறையாக உள்ளங்கையில் தமிழ்ச் செய்தி படித்த அந்த இரவை நான் மறக்கவில்லை.

*

உலகின் மிகப் பிரபலமான உலாவியான குரோம் 2008 செப்டம்பர் 2 அன்று வெளிவந்தது. அந்தப் பணிக்குத் தலைமை தாங்கியவர்களில் முக்கியமானவர் மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை. சிறுவயதில் வீட்டுக்கு ஒரு தொலைபேசி வர ஆண்டுக்கணக்கில் காத்திருந்ததை அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

*

பௌர்ணமி இரவில் கிரிவலப் பாதையில் சிக்னல் கோடு முழுசாக இருக்கும், ஆனால் போன் போகாது. காரணம் கூட்டம். ஒரு டவர் ஒரே நேரத்தில் இத்தனை அழைப்புகளைத்தான் தாங்கும் என்று அளவு உண்டு. குறுஞ்செய்திக்கு மிகச் சிறிய இடம் போதும்; அது காத்திருந்து, சந்து கிடைத்ததும் நுழைந்துவிடும். அதனால் பிள்ளையைத் தவறவிட்டவரோ, உடன் வந்தவரைத் தேடுபவரோ திரும்பத் திரும்ப அழைப்பதைவிட, 'யம லிங்கம் பக்கம் நிற்கிறேன்' என்று ஒரு வரி அனுப்புவது மேல்.

டவர் கிடைக்காமல் தவிக்கும் போன், அதைத் தேடித் தேடியே பேட்டரியைத் தின்றுவிடும். ஆனால் இருப்பிடம் காட்டும் ஜி.பி.எஸ்.ஸுக்கு டவர் வேண்டாம்; வானத்திலிருந்து செயற்கைக்கோள் அனுப்புவதைக் கேட்டுக்கொள்வதோடு சரி, பதில் எதையும் அனுப்புவதில்லை. ஊரின் வரைபடத்தை வீட்டிலேயே வைஃபையில் இறக்கி வைத்துக்கொண்டால், இணையமே இல்லாவிட்டாலும் கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரும் அந்த நீலப் புள்ளி உங்களோடு நடந்து வரும்.

*

உலாவியின் முகவரிப் பட்டையில் பூட்டுப் படம் இருந்தால் நல்ல தளம் என்று நம்புகிறவரா நீங்கள்? பூட்டு சொல்வது ஒன்றே ஒன்றுதான்: உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவே போகும் பேச்சை வேறு யாரும் ஒட்டுக்கேட்க முடியாது. எதிரே இருப்பவர் யோக்கியரா என்று அது சொல்வதில்லை. மோசடித் தளத்துக்கும் பூட்டு கிடைக்கும். மக்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதாலேயே 2023 செப்டம்பரில் குரோம் பூட்டை எடுத்துவிட்டு வேறு குறி வைத்தது.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. எங்கள் உறவில் ஒரு பெரியவர் தீபத்துக்கு அறை எடுக்கத் தேடி, முதலில் வந்த தளத்தில் முன்பணம் கட்டினார். ஊர் வந்து சேர்ந்தபோது அப்படி ஒரு அறையே இல்லை. பணத்தைவிட, அந்த வயதில் நடுத்தெருவில் நின்ற வேதனைதான் அவருக்குப் பெரிதாக இருந்தது. தீப தரிசனக் கட்டணச் சீட்டோ அறையோ, தேடலில் முதலில் வருகிறது என்பதற்காகப் பணம் கட்டாதீர்கள். முகவரியைப் பாருங்கள்: அறநிலையத்துறைக் கோயில்களின் தளங்கள் 'எச்ஆர்சிஇ புள்ளி டிஎன் புள்ளி ஜிஓவி புள்ளி இன்' என்றே முடியும். ஓர் எழுத்து மாறினாலும் மூடிவிடுங்கள்.

*

ரூபாய்க் குறியான ₹-ஐ வடிவமைத்த உதயகுமார் நமக்குப் பக்கத்து ஊர்க்காரர், கள்ளக்குறிச்சியில் பிறந்தவர். 2010 ஜூலையில் மத்திய அரசு அதை ஏற்றது. அதே ஆண்டு அக்டோபரில், கணினிகளுக்கான பொது எழுத்துப் பட்டியலான யூனிகோடில் அதற்கு இடம் கிடைத்தது. அதற்கு முன்பே, 2003இல், தமிழ் ரூபாய்க் குறியான ௹ யூனிகோடில் ஏறிவிட்டது. கூடவே தாத்தா காலத்துக் கணக்குப் புத்தகங்களில் இருக்கும் நாள் ௳, மாதம் ௴, வருடம் ௵ ஆகியவையும். உங்கள் போனிலேயே அவை இருக்கின்றன, தேடிப் பாருங்கள்.

*

'இணையம்' என்ற சொல்லைத் தந்த பெருமை சிங்கப்பூர் நா. கோவிந்தசாமிக்கு உரியது. 1995இலேயே தமிழை வலைத்தளத்தில் ஏற்றிக் காட்டியவர் அவர். ஒவ்வொரு பத்திரிகைத் தளத்துக்கும் ஒவ்வொரு எழுத்துரு தேவைப்பட்ட காலத்தில், 'தேனீ' யூனிகோடு எழுத்துருவை இலவசமாகத் தந்தவர் அதிராம்பட்டினம் உமர் தம்பி. 2006இல் மறைந்துவிட்டார். நம்மில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர்கள் தெரியும்? பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

*

பழைய தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாக ஏற்றும் மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்தினார். பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் வேலை முடிந்து வந்து, இரவில் உட்கார்ந்து பழைய நூல்களைத் தட்டச்சு செய்தார்கள். வேறு சிலர் பிழை பார்த்தார்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. யூனிகோடு பரவலாவதற்கு முன் வேறு குறியேற்ற முறையில் ஏற்றியவற்றை, யூனிகோடு பரவலான பிறகு பொறுமையாக மாற்றினார்கள். அருணகிரிநாதரின் திருப்புகழும் அதில் உண்டு. அவர் கிளியாக அமர்ந்ததாகச் சொல்லும் கிளிக் கோபுரத்தைத் தாண்டித்தான் அண்ணாமலையாரிடம் போகிறோம். அங்கே வரிசை நகராமல் நிற்கும்போது உலாவியைத் திறந்து 'மதுரைத் திட்டம்' என்று தேடுங்கள். காசும் கேட்காது, கடவுச்சொல்லும் கேட்காது.