பக்கத்தில் நின்று சிரிப்பவர்கள்

எங்கள் ஊர்களில் பட்டம் தெளிப்பதை யாரும் பெரிய குற்றமாக எடுப்பதில்லை. "பகிடிக்குத்தானே" என்று விட்டுவிடுவோம். ஆனால் திருப்பிச் சொல்ல இயலாத ஒரே பிள்ளையை நாளும் பொழுதும் நோகடிப்பது பகிடியல்ல. விளையாட்டில் சேர்க்காமல் ஒதுக்குவதும் அப்படித்தான். அதில் சத்தம் இல்லாதபடியால் ஆசிரியரின் கண்ணிற் படுவதும் குறைவு.

2012 இல், மீள்குடியேறிய வன்னிக் கிராமம் ஒன்றில் தரம் 4 க்கு நான் வகுப்பாசிரியை. ஷெல் வெடித்ததில் வலது காது கேளாமற்போன மாணவி ஒருத்தி அந்த வகுப்பில் இருந்தாள். வலப்பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்பமாட்டாள். ஒரு பையன் அந்தப் பக்கமாகப் போய் நின்று "செவிடி" என்பான். அவளுக்கு அது கேட்காது. வகுப்பே சிரிப்பது மட்டும் கேட்கும். பிறகு திங்கட்கிழமைகளில் அவளுக்கு வயிற்றுவலி வரத் தொடங்கியது. "வீட்டிலை என்னோடை இருக்கட்டும் ரீச்சர்" என்று தாயார் வந்து நின்றார்.

ஒரு தவணை பொறுங்கள் என்று அவரைக் கேட்டுக்கொண்டேன். முதலில் பிள்ளையின் இடத்தை மாற்றினேன். முன்வரிசையில் வலப்பக்கச் சுவரோடு இருத்தியதும் கேட்கும் காது வகுப்பின் பக்கம் வந்தது. கரும்பலகையைப் பார்த்தபடி பேசுவதையும் நிறுத்தினேன். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

சிரிப்பை நிறுத்துவதுதான் கடினமாக இருந்தது. பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகப் பேராசிரியை கிறிஸ்டினா சல்மிவல்லி 1996 இல் வெளியிட்ட ஆய்வொன்று இதைப் பற்றியது. வதைப்பவனும் வதைபடுபவனும் மட்டுமல்ல, கூட நின்று சிரிப்பவர்கள், பேசாமல் பார்ப்பவர்கள், தடுக்க வருபவர்கள் எல்லோருக்கும் அதில் பங்குண்டு என்று அது காட்டியது. பார்த்து நிற்கும் பிள்ளைகளை மாற்றுவதையே மையமாகக் கொண்ட 'கிவா' என்ற திட்டம் 2009 முதல் அந்நாட்டுப் பாடசாலைகளில் பரவலாக நடைமுறைக்கு வந்தது.

எனக்குக் கிடைத்தது காலையில் பத்து நிமிடம். வட்டமாக இருந்து, அன்றைய மனநிலையை வெயில், முகில், மழை என்று கீறச் சொன்னேன். பிள்ளைகளிடம் முதலில் இருந்த சொற்கள் கோபம், பயம் இரண்டுந்தான். போகப்போக "வெக்கமாக்கிடந்தது", "தனிய விட்ட மாதிரிக் கிடந்தது" என்றார்கள். அந்த மாணவியை ஒருநாளும் பேச்சுக்குப் பொருளாக்கவில்லை. ஊருக்குப் புதிதாக வந்த பிள்ளையின் கதையொன்றைச் சொல்லி, பக்கத்தில் நின்றவர்கள் என்ன செய்திருக்கலாம் என்று கேட்டேன். "சிரிப்பு வந்தா என்ன செய்யிறது ரீச்சர்?" என்றாள் ஒருத்தி. அவள் உண்மையாகத்தான் கேட்டாள். நெடுநேரம் கதைத்து, எழும்பிப் போய்விடலாம் என்று அவர்களே முடிவெடுத்தார்கள்.

பட்டம் தெளித்த பையன் தினமும் மழையே கீறினான். தாய் தகப்பன் இருவரையும் இழந்து அம்மம்மாவோடு இருந்தவன். எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்க வைக்கும்படி சிலர் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவமானப்பட்டவன் அடுத்த நாள் பாடசாலைக்கு வெளியே பழி தீர்ப்பான். தனியே கூப்பிட்டுப் பல தடவை கதைத்தேன். பட்டம் உடனே நிற்கவில்லை. ஆனால் சிரிக்க ஆளில்லாமற் போகவே அடுத்த தவணையில் வெகுவாகக் குறைந்தது.

கிளித்தட்டு விளையாடும்போது அவளை நடுவராக இருத்தலாம் என்றொரு யோசனை வந்தது. ஓரத்தில் இருத்தி வைத்துவிட்டுச் சேர்த்துக்கொண்டோம் என்பது நம்மை நாமே ஏமாற்றுவது. பிள்ளைகள் அதைவிட நல்ல வழி கண்டார்கள். "பழம்" என்று கத்தும்போது கையையும் உயர்த்துவது. அவளும் ஓடினாள்.

தாய்மாருக்கு ஒன்று சொல்லவேண்டும். "நீயும் திருப்பி அடி" என்று பிள்ளையை அனுப்பாதீர்கள். மற்றப் பிள்ளையின் வீட்டுக்குச் சண்டைக்கும் போகாதீர்கள். அதுவும் நம்முடையதைப் போன்ற வீடாகவே இருக்கும். எந்த நாளில், யார், என்ன சொன்னார்கள் என்று குறித்துக்கொண்டு வகுப்பாசிரியரிடமும், பிறகு அதிபரிடமும் போங்கள். கணவர் இல்லாத நான் போய்க் கேட்டால் மதிப்பார்களா என்று பலர் தயங்குகிறீர்கள். இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

"உன்ரை அப்பா எங்கை?" என்று யாராவது கேட்டால் என்ன சொல்வதென்பதைப் பிள்ளையோடு வீட்டிலேயே கதைத்து வைத்திருங்கள். "காணாமற் போயிட்டார், அம்மா தேடுறா" என்ற ஒரு வரி போதும். இன்னும் துருவினால், "அதைக் கதைக்க எனக்கு விருப்பமில்லை" என்று சொல்லவும் பழக்கிவிடுங்கள்.