ஒரு கவளம் உடலாவது எவ்வாறு?

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடி மலைக்குச் செல்வோர், 22 கொண்டை ஊசி வளைவுகளும் தொடங்குமுன் கல்லாற்றில் சற்றே இளைப்பாறுவது வழக்கம். பெயருக்கேற்ப உருண்டைக் கற்களின் ஊடே தெளிந்த நீர் ஓடும் இடம் அது. அங்கே ஒருவர் கேரளத்தின் எளிய உணவாகிய கஞ்சியும் பயறும் உண்டுவிட்டு மலையேறுகிறார் எனக் கொள்வோம். சாலையில் அவர் பயணம் தொடரும்போதே, அவர் உண்ட பயற்றின் புரதமும் உடலுக்குள் ஒரு பயணத்தைத் தொடங்குகிறது.

புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த நீண்ட சங்கிலி. அது அப்படியே இரத்தத்தில் கலக்க இயலாது. இரைப்பையில் பெப்சினும், சிறுகுடலில் கணையம் சுரக்கும் டிரிப்சின் முதலிய நொதிகளும் அச்சங்கிலியைத் துண்டாக்குகின்றன. வேகாத பயற்றில் டிரிப்சினைத் தடுக்கும் பொருள் உண்டு. நன்றாக வேகவைத்தால் அதன் ஆற்றல் பெரிதும் குறையும். பயற்றைக் குழைய வேகவைக்கும் நம் வழக்கத்திற்கு இவ்வாறு அறிவியல் சான்றும் உண்டு.

இரு வாயில்கள்

சிறுகுடல் சுமார் 6 மீட்டர் நீளமுடையது. அதன் உட்சுவர் மடிப்புகளும், அவற்றின்மேல் விரல்போன்ற குடலுறிஞ்சிகளும், ஒவ்வோர் உயிரணுவின் நுனியிலும் அதனினும் நுண்ணிய நீட்சிகளும் கொண்டது. ஆகவே உறிஞ்சும் பரப்பு பன்மடங்கு பெருகுகிறது.

அவ்வுயிரணுக்களுள் அமினோ அமிலங்கள் நுழைய இரு வழிகள் உள்ளன. தனி அமினோ அமிலங்களை அவற்றிற்குரிய கடத்திப் புரதங்கள், பெரும்பாலும் சோடியத்தின் துணையோடு உள்ளே கொண்டு செல்கின்றன. இரண்டு அல்லது மூன்று அமினோ அமிலங்கள் இணைந்த சிறு பெப்டைடுகளுக்கோ தனிக் கடத்தி உண்டு. உள்ளே சென்றபின் அவற்றுள் பெரும்பாலானவை தனி அமிலங்களாகப் பிரிந்து, கல்லீரல் போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலை அடைகின்றன.

இரண்டாவது வாயிலின் அருமையை ஓர் அரிய நோய் உணர்த்திற்று. 1956ஆம் ஆண்டு லண்டனில் விவரிக்கப்பட்ட ஹார்ட்நப் நோயில், சிலவகைத் தனி அமினோ அமிலங்களை உறிஞ்சும் வழி பிறவியிலேயே பழுதுற்றிருக்கும். எனினும் அந்நோயுடையோர் பலர் நலமாகவே வாழ்கின்றனர். அவ்வமிலங்கள் பெப்டைடு வடிவில் மற்றொரு வாயிலால் நுழைந்துவிடுகின்றன.

வேலூர் கற்பித்த பாடம்

வாயில்கள் அமைந்த சுவரே சிதைந்தால் என்ன ஆகும்? 1960களின் தொடக்கத்தில் வட ஆற்காடு மாவட்டச் சிற்றூர்களில் வெப்பமண்டல ஸ்ப்ரூ என்னும் நோய் பரவியது. ஓயாத வயிற்றுப்போக்கு, உடல் மெலிவு, இரத்தசோகை ஆகியவற்றால் மக்கள் துன்புற்றனர், உயிரிழந்தோரும் பலர். உண்டும் அவர்கள் மெலிந்தனர். குடல் சத்துகளை ஏற்கவில்லை.

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கர், வி. ஐ. மாத்தன் ஆகியோர் இந்நோயை விரிவாக ஆராய்ந்தனர். நோயின் அறிகுறி ஏதுமின்றி நலமாகத் தோன்றிய மக்களிலும் பலருடைய குடலுறிஞ்சிகள் குட்டையாகி, உறிஞ்சும் திறன் குறைந்திருந்தமை அங்கு நடந்த ஆய்வுகளில் தெரியவந்தது. தூய்மையற்ற நீரும் சூழலும் வழியாக அடிக்கடி நுழையும் கிருமிகள் இத்தகைய சிதைவுக்கு முக்கியக் காரணமாகக் கருதப்படுகின்றன. வளரும் குழந்தைகளுக்கு இது பேரிழப்பு.

நாம் செய்யத்தக்கவை

ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் என்பது ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரை. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது சுமார் 50 கிராம். அரிசியில் குறைவான லைசின் பயற்றில் மிகுதி. பயற்றில் குறைவான மெத்தியோனின் அரிசியில் உண்டு. எனவே கஞ்சியும் பயறும், இட்லியும் சாம்பாரும் ஒன்றன் குறையை ஒன்று நிறைவு செய்கின்றன. செரிமானம் சீராக உள்ளவர், தனி அமினோ அமிலங்களை விலைகொடுத்து வாங்க வேண்டிய தேவை பொதுவாக இல்லை.

காய்ச்சிய நீரைப் பருகுதல், உண்ணுமுன் சோப்பிட்டுக் கைகழுவுதல், இரு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் வயிற்றுப்போக்கிற்கு மருத்துவரை நாடுதல் ஆகியவையே குடற்சுவரைக் காக்கும் வழிகள். அச்சுவரின் உயிரணுக்கள் சில நாட்களுக்கு ஒருமுறை தம்மைப் புதுப்பித்துக்கொள்கின்றன. தூய நீரும் போதிய உணவும் கிடைத்தால், தேய்ந்த குடலும் பெரும்பாலும் தேறும். வரவு எவ்வளவாயினும் கணக்கில் சேர்ந்ததே சேமிப்பு. உணவிலும் உடல் ஏற்றுக்கொண்டதே ஊட்டம்.