மடியில் அனல்... வழியில் பயம்!

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிவ்யூ. டெமோவை ஓடவிட்டு, லேப்டாப்பை எக்ஸ்டர்னல் பக்கமாகத் திருப்புறீங்க. உள்ளே ஃபேன் மாவு மிஷின் கணக்கா கத்துது. கீபோர்டு தோசைக்கல் மாதிரி சுடுது. அடுத்த விநாடி... ஸ்க்ரீன் கறுப்பு! ''என்னப்பா, இதுவும் உன் ப்ராஜெக்ட்ல ஒரு அயிட்டமா?''னு எக்ஸ்டர்னல் கேட்க, மொத்த லேபும் சிரிக்குது.

சிரிக்காதீங்க பாஸ். சாட்சாத் எனக்கே நடந்தது இது!

அந்த லேப்டாப் எங்க அத்தை பையன் ஆறு வருஷம் உழைக்கவெச்சு, புதுசு வாங்கினதும் 'நீ வெச்சுக்கோடா'னு பெரிய மனசோட தள்ளிவிட்டது. அது திடீர் திடீர்னு மூச்சை நிறுத்தினப்போ, 'வைரஸ்'னு ஒரு கடையில் ஃபார்மட் பண்ணித் தந்தாங்க. ரெண்டே வாரத்துல பழைய குருடி கதவைத் திறடி! மறுபடி ஃபார்மட். ரெண்டு தடவையும் கரைஞ்சது மெஸ் பில்லுக்கு வெச்சிருந்த பணம். கடைசியில் பக்கத்து ரூம் சீனியர் ஒருத்தர்தான், லேப்டாப்போட ஓரத்துல காத்து வெளியே வர்ற ஓட்டை இருக்கே, அங்கே உள்ளங்கையை வெச்சுப் பார்த்தார். ஃபேன் அந்தக் கத்து கத்துது, கைக்குக் காத்தே வரலை. ''வைரஸும் இல்ல, ஒண்ணும் இல்ல. இதுக்கு மூச்சு முட்டுதுடா!''

அண்ணன், அக்கா கையிலிருந்து வந்தது, செகண்ட் ஹேண்டில் வாங்கினது, 2011-ல் தொடங்கின அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வீட்டுக்கு வந்து இன்னும் ஓடிக்கிட்டிருக்கிறது... இப்படி நம்மில் பலர் கையில இருக்கிறது பழைய லேப்டாப்தான். 'பழசாயிடுச்சு, அதான் ஸ்லோ'னு நாம பழிபோடுற பல லேப்டாப்புகள் உண்மையில் சூட்டுல தவிக்குது.

உள்ளே நடக்கிறது ரொம்ப சிம்பிள். ப்ராசஸர் வேலை செஞ்சா சூடாகும். அதன் தலையில் கொஞ்சம் பேஸ்ட் தடவி, மேலே ஒரு செம்புத் தகட்டை உட்காரவெச்சிருப்பாங்க. அதிலிருந்து ஒரு செம்புக் குழாய் சூட்டைச் சுமந்துக்கிட்டு ஓரத்துக்குப் போகும். அங்கே சீப்புப் பல் மாதிரி நெருக்கமான தகடுகள். ஃபேன் அதன் வழியா காத்தை ஊதி, சூட்டை வெளியே தள்ளும். இதில் எங்கே அடைச்சாலும் சூடு உள்ளேயே தங்கிடும். இன்டெல் லேப்டாப் ப்ராசஸர்கள் பலவற்றுக்கு எல்லைக்கோடு 100 டிகிரி செல்சியஸ். அதை நெருங்கினா, சிப் தன்னைக் காப்பாத்திக்க வேகத்தைத் தானே குறைச்சுக்கும். நீங்க 'ஹேங் ஆகுது'னு திட்டுற நேரம் அதுதான். அதையும் மீறினா, பட்டுனு ஆஃப்!

அதனால ஃபார்மட்டுக்கு ஓடுறதுக்கு முன்னாடி, காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் வைக்கிற மாதிரி சூட்டை அளந்து பாருங்க. தெர்மாமீட்டர் ப்ராசஸருக்குள்ளேயே இருக்கு. அதைப் படிச்சுக் காட்ட கோர் டெம்ப், ஹெச்டபிள்யூஇன்ஃபோ, ஹெச்டபிள்யூமானிட்டர்னு மென்பொருட்கள் இலவசமாவே கிடைக்குது. லினக்ஸ் ஆசாமிகளுக்கு எல்எம்-சென்சார்ஸ். விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் தேடாதீங்க, ப்ராசஸர் சூடு அங்கே தெரியாது.

மூணு தடவை குறிச்சுக்கோங்க. ஆன் பண்ணி பத்து நிமிஷம் சும்மா விட்ட பிறகு ஒரு தடவை. 15 நிமிஷம் வீடியோ ஓடின பிறகு ஒரு தடவை. எல்லாத்தையும் மூடி அஞ்சு நிமிஷம் கழிச்சு இன்னொரு தடவை. சும்மா இருக்கும்போது 45, 50-னு இருந்தா நம்ம ஊர் வெயிலுக்குக் கவலை இல்லை. நல்லா வேலை வாங்கும்போது 80, 85 வரைக்கும்கூடப் பொறுத்துக்கலாம். 95-ஐத் தாண்டி அங்கேயே குந்திக்கிட்டா, சிக்கல்தான். ஒண்ணு ஞாபகம் இருக்கட்டும்... ஃபேன் ஊதுறது நம்ம ரூம் காத்தைத்தான். ஏ.சி. லேபில் 22 டிகிரியில் ஓடுற அதே லேப்டாப், மே மாச ஹாஸ்டல் ரூமில் 36 டிகிரியில் ஓடினா, அந்த 14 டிகிரியும் கிட்டத்தட்ட அப்படியே மேலே ஏறும். மார்கழியில் சமர்த்தா இருந்தது சித்திரையில் மக்கர் பண்றது இதனாலதான்.

அடுத்து, அந்த நம்பர் எப்படி ஏறி எப்படி இறங்குதுனு கவனிங்க. நோய் பிடிபடுறதே இங்கேதான். கொஞ்சம் கொஞ்சமா ஏறி, வேலையை நிறுத்தின பிறகும் இறங்க அடம்பிடிச்சு, ஓட்டையில் காத்தும் பலவீனமா வந்தா... தூசி. வேலை கொடுத்த ரெண்டு மூணு விநாடியில் 50-லிருந்து 95-க்குத் தாவி, நிறுத்தினதும் தொபுக்கடீர்னு விழுந்து, வெளியே வர்ற காத்து மட்டும் வெதுவெதுப்பாவே இருந்தா, சூடு தகடு வரைக்கும் போய்ச் சேரவே இல்லைனு அர்த்தம். பேஸ்ட் காஞ்சிருக்கும். நீங்க எதுவுமே செய்யாதப்பவும் சூடு, டாஸ்க் மேனேஜரில் சி.பி.யூ. 40 சதவிகிதம்னு காட்டினா, குத்தம் ஃபேன் மேல இல்லை. பின்னாடி ஏதோ ஒரு புரோகிராம் திருட்டுத்தனமா ஓடுது. நம்ம பிரவுசரில் திறந்து கிடக்கிற 37 டேப்களும் அந்த 'ஏதோ ஒண்ணு'ல சேர்த்திதான்! சத்தமே இல்லாம சூடு மட்டும் ஏறினா, ஃபேன் மண்டையைப் போட்டிருக்கலாம்.

தூசினா கழட்டித்தான் ஆகணும். வெளியிலிருந்து ஊதினா, ஃபேனுக்கும் தகடுக்கும் நடுவில் படிஞ்சிருக்கிற தூசி திரும்ப உள்ளேதான் போகும். லேப்டாப்பை அணைச்சு, சார்ஜரை உருவி, பேட்டரியைக் கழட்டின பிறகுதான் கை வைக்கணும். ஸ்க்ரூக்கள் ஒரே நீளத்தில் இருக்காது. நீளமானதைக் குட்டையானதோட இடத்தில் திருகினா, போர்டே ஓட்டையாகலாம். ஒரு பேப்பரில் லேப்டாப்பை வரைஞ்சு, அந்தந்த இடத்துல குத்தி வெச்சுடுங்க. ப்ளோயர் அடிக்கும்போது ஃபேனை ஒரு குச்சியால பிடிச்சுக்கோங்க, இஷ்டத்துக்குச் சுத்தினா பேரிங் போயிடும். பேஸ்ட் மாத்துறதா இருந்தா, பழசை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடைச்சுட்டு அரிசி அளவு புதுசு. டூத்பேஸ்ட் தடவலாம்னு எவனாவது ஐடியா கொடுத்தா கும்பிடு போட்டுடுங்க, அது காஞ்சு ரொட்டித் தூளாயிடும். ஃப்ரிட்ஜில் வைக்கிற மேதாவிகளும் இருக்காங்க. உள்ளே நீர் பூத்து, சூட்டில் சாகவேண்டியது தண்ணியில் சாகும்!

கழட்டத் தைரியம் இல்லையா? தப்பே இல்லை. கடையில் கொடுங்க. ஆனா, 'ஃபேனைக் கழட்டி சுத்தம் பண்ணி, பேஸ்ட் மாத்துங்க'னு கேட்டுக் கொடுங்க. நீங்க குறிச்சுவெச்ச மூணு நம்பரையும் காட்டினா, ஃபார்மட் பேச்சே வராது.

காசே செலவில்லாத வைத்தியமும் இருக்கு. விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸின் அட்வான்ஸ்டு பகுதியில், ப்ராசஸர் பவர் மேனேஜ்மென்ட்டுக்குக் கீழே 'மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட்' இருந்தா, 100-ஐ 99 ஆக்குங்க. பெரும்பாலான இன்டெல் லேப்டாப்களில் 'டர்போ' பாய்ச்சல் நின்னு சூடு சட்டுனு இறங்கும். அசைன்மென்ட் அடிக்கிறதுக்கும் படம் பார்க்கிறதுக்கும் அந்தப் பாய்ச்சல் பெருசா தேவைப்படாது. அப்புறம், மெத்தை மேலயும் தலையணை மேலயும் லேப்டாப்புக்கு என்ன வேலை? பல மாடல்கள் காத்தை இழுக்கிறதே அடிவயிறு வழியாத்தான். ஒரு பரீட்சை அட்டை போதும். கூலிங் பேட் சில டிகிரி குறைக்கும், உள்ளே அடைச்ச தூசியை அது எடுக்காது.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். டச்பேட் மேலே தூக்கிக்கிட்டு வந்தாலோ, டேபிளில் வெச்சா லேப்டாப் ஆடினாலோ பேட்டரி உப்பியிருக்கலாம். சூடு லித்தியம் பேட்டரியைச் சீக்கிரம் கிழவனாக்கும். அமுக்காதீங்க, குத்தாதீங்க, சார்ஜ் போடாதீங்க. அப்படியே அணைச்சு சர்வீஸ் ஆளிடம் கொடுங்க. 2006 ஆகஸ்ட்டில் டெல் நிறுவனம் தீப்பிடிக்கும் அபாயம் இருக்குனு திரும்பப் பெற்ற லேப்டாப் பேட்டரிகள் சுமார் 41 லட்சம்.

நம்ம லேப்டாப் என்ன ஆச்சா? சீனியர் திறந்தப்போ, தகடுகளுக்கு முன்னாடி தலையணைப் பஞ்சு மாதிரி ஒரு அடை. சாமணத்தால பிடிச்சு இழுத்தா, முழுசா ஒரே துண்டா வந்தது. வீடியோ 15 நிமிஷத்துக்கு 97 காட்டினது, அன்னிக்கு ராத்திரி 74. ரெண்டாவது ரிவ்யூவில் அதே எக்ஸ்டர்னல், அதே டெமோ, முழுசா ஓடிச்சு. அந்த 74-ஐத் தேதி போட்டு லேப்டாப் அடியில ஸ்டிக்கரா ஒட்டியிருக்கேன். போன வாரம் அளந்தா 83. இந்த ஞாயித்துக்கிழமை ஸ்க்ரூடிரைவரைத் தேடணும்... எவன் கடன் வாங்கிட்டுப் போனான்னுதான் தெரியலை!