போகலாம், ஆனா அங்கே மட்டும் போகக்கூடாது

2012 ஏப்ரல். அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியில் ஜாரட் உதாஃப் என்று ஒரு முதலாம் ஆண்டு மாணவர். அந்த சீசன் முழுக்கப் பயிற்சி மட்டும்தான், ஒரு ஆட்டத்தில்கூட இறங்கவில்லை. வேறு கல்லூரிக்கு மாறிக்கொள்கிறேன் என்று கேட்டார். கோச் போ ரையன் போகவேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கெல்லாம் போகக்கூடாது என்று மட்டும் சொன்னார். விஸ்கான்சின் ஆடும் பிக் டென் பிரிவின் மற்ற கல்லூரிகள் எதுவும் கூடாது. ஏ.சி.சி. பிரிவு மொத்தமும் கூடாது. அதே மாநிலத்தில் இருக்கும் மார்க்கெட் கூடாது. உதாஃப்பின் சொந்த மாநிலத்து அயோவா ஸ்டேட்டும் கூடாது. எண்ணிப் பார்த்தால் இருபதுக்கும் மேல்.

இந்தக் கதையை முதலில் படித்தபோது எனக்கு வந்த கேள்வி ரொம்ப சாதாரணமானது. கோச் சொன்னா சொல்லிட்டுப் போறார், பையன் ஏன் கேட்கணும்? பணம் கட்டிப் படிக்கிற இடம்தானே, பிடித்த காலேஜில் போய்ச் சேர வேண்டியதுதானே?

சேரலாம், யாரும் தடுக்க முடியாது. ஆனால் ஆடுவதற்கு இரண்டு பூட்டு இருந்தது. கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் அன்றைய விதிப்படி, முதல் பூட்டு 'ரிலீஸ்'. பழைய கல்லூரி எழுத்தில் அனுமதி கொடுக்காமல் வேறு கல்லூரியின் கோச் அந்த மாணவனிடம் பேசவே கூடாது. மீறிப் போய்ச் சேர்ந்தால், முதல் வருஷம் விளையாட்டு உதவித்தொகை கிடையாது. இரண்டாவது பூட்டு, மாறியவர் ஒரு வருஷம் ஆடாமல் உட்காரணும். இது எல்லா விளையாட்டுக்கும் இல்லை. கூடைப்பந்து, அமெரிக்கக் கால்பந்து, பேஸ்பால், ஆண்கள் ஐஸ் ஹாக்கி. காசு புரளும் ஆட்டங்கள் இந்தப் பட்டியலில் இருப்பதைக் கவனிக்கலாம்.

ஐ.டி.யில் இருப்பவர்களுக்கு 'ரிலீஸ்' என்றால் அதிகம் விளக்க வேண்டியதில்லை. ரிலீவிங் லெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு இழுத்தடிக்கிற மேனேஜரைப் பார்த்திருப்போம். ஒரே வித்தியாசம், நமக்கு மாசாமாசம் சம்பளம் வந்துகொண்டிருந்தது.

இன்னொரு பக்கத்தையும் பார்க்கணும். 1973 முதல் என்.சி.ஏ.ஏ. உதவித்தொகை என்பது ஒரு வருஷ ஒப்பந்தம்தான். வருஷா வருஷம் புதுப்பிக்கணும், புதுப்பிக்காமலும் விடலாம். பல வருஷத்துக்குச் சேர்த்துக் கொடுக்கக் கல்லூரிகளுக்கு மறுபடி அனுமதி கிடைத்தது 2012-ல். ஆக சுமார் நாற்பது வருஷம் நிலைமை இப்படி: கல்லூரி நினைத்தால் ஒரு வருஷத்தில் கைகழுவலாம், மாணவன் நினைத்தால் நகர முடியாது. கோச்சுக்கோ எந்தப் பூட்டும் கிடையாது. ஒப்பந்தத்தை முறிக்க ஒரு தொகை கட்ட வேண்டியிருக்கும், பெரும்பாலும் அதைப் புதுக் கல்லூரியே பார்த்துக்கொள்ளும். இதே போ ரையன் 2001-ல் மில்வாக்கியில் இருந்து விஸ்கான்சினுக்கு மாறி வந்தவர். வந்த முதல் குளிர்காலமே பெஞ்சில் உட்கார்ந்து அணியை நடத்தினார். யாரும் ஒரு வருஷம் சும்மா இருங்க என்று சொல்லவில்லை.

கோச்சுகள் எல்லாரும் கெட்டவர்கள் என்று எழுதினால் கதை சுலபமாக முடிந்துவிடும். அவர்கள் பக்கமும் கணக்கு இருக்கிறது. அன்றைக்கு ஒரு ஆண்கள் அணிக்கு 13 உதவித்தொகை இடங்கள்தான். ஒருவர் போனாலே ஓட்டை தெரியும். அணியின் ஆட்ட உத்திகளைத் தெரிந்தவன் எதிரணியில் போய் உட்கார்ந்தால் சங்கடம். ரிலீஸ் இல்லையென்றால் பெரிய கல்லூரிகள் சீசன் நடுவிலேயே ஆள் விட்டுத் தூண்டில் போடும் என்ற பயமும் பொய்யில்லை. இதுபோக ஏ.பி.ஆர். என்று ஒரு மதிப்பெண் முறை உண்டு: ஒவ்வொரு மாணவனும் படிப்பில் தகுதியோடு இருந்தால் ஒரு புள்ளி, கல்லூரியிலேயே தொடர்ந்தால் இன்னொரு புள்ளி. ஆயிரத்துக்கு 930-க்குக் கீழே விழுந்தால் சீசன் கடைசிப் போட்டித்தொடரில் ஆட முடியாது. 2013-ல் கனெக்டிகட் மாதிரிப் பெரிய அணியே இதில் மாட்டி வெளியே நின்றது. மாணவன் விட்டுப் போனால் அந்தப் புள்ளி போய்விடும் என்பார்கள். ஆனால் 2.6-க்குக் குறையாத கிரேடு சராசரியோடு முறையாக மாறிப் போகிறவருக்கு அந்தப் புள்ளி குறையாது என்று விதியிலேயே விலக்கு இருந்தது. படிக்கிற பையனை நிறுத்திவைக்க இந்தக் காரணமும் ஓடாது.

என் கருத்து: ஒரு வருஷம் உட்காரும் விதிக்காவது வாதம் உண்டு, அது எல்லாருக்கும் ஒரே மாதிரி. எங்கே போகக்கூடாது என்று பெயர் எழுதும் அதிகாரம் வேறு ரகம். அது ஒரு மனிதரின் கோபத்தைப் பொறுத்தது.

உதாஃப் விஷயம் தேசிய அளவில் வெடித்தது. ரையன் ஈ.எஸ்.பி.என். வானொலி நிகழ்ச்சிக்கே போய் நியாயம் பேசினார், அது இன்னும் மோசமானது. கொஞ்ச நாளில் பிக் டென் தவிர மற்ற தடைகளை எடுத்துவிட்டார்கள். உதாஃப் என்ன செய்தார் தெரியுமா? அந்த பிக் டென்னிலேயே, தன் மாநிலத்து அயோவா பல்கலைக்கழகத்துக்குப் போனார். விளையாட்டு உதவித்தொகை இல்லாமல் ஒரு வருஷம் ஆடாமல் உட்கார்ந்தார். 2015-16 சீசனில் பிக் டென்னின் முதல் ஐவர் அணியில் இடம்பிடித்தார்.

எல்லாருக்கும் இப்படி முடியவில்லை. டாட் ஓ'பிரையன் 2011-ல் செயின்ட் ஜோசப்ஸ் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பட்டமே வாங்கிவிட்டார். ஆடத் தகுதி ஒரு வருஷம் மிச்சம். அலபாமா பல்கலைக்கழகத்தின் பர்மிங்காம் வளாகத்தில் மேற்படிப்புக்குச் சேர்ந்தார். பட்டம் முடித்தவர் உடனே ஆடலாம் என்று விலக்கு இருந்தது, ஆனால் பழைய கல்லூரி ஆட்சேபணை இல்லை என்று சொல்லணும். கோச் ஃபில் மார்டெல்லி சம்மதிக்கவில்லை, கல்லூரியும் அவர் பக்கமே நின்றது. மேல்முறையீடும் தள்ளுபடி. டிசம்பரில் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் தளத்தில் தானே தன் கதையை எழுதினார், ஊரே பேசியது. கடைசிவரை அந்த அணிக்கு ஒரு ஆட்டம் ஆடவில்லை. கல்லூரியை விட்டு, பட்டத்தோடு வெளியேறிவிட்ட ஒருவரின் மேல் பழைய கோச்சுக்கு இன்னும் பிடி இருந்தது என்பதுதான் எனக்கு ஜீரணமாகாத இடம்.

2017-ல் கேமரன் ஜான்சன். பிட்ஸ்பர்கில் மூன்றே வருஷத்தில் பட்டம் முடித்துவிட்டு வட கரோலினா போக நினைத்தார். போனால் ஒரு வருஷம் உட்காரணும் என்றது பிட்ஸ்பர்க். அவர் பகிரங்கமாக அறிக்கை விட்டார், கல்லூரி இறங்கி வந்தது. இரண்டு வருஷம் கழித்து என்.பி.ஏ. டிராஃப்டில் 11-வது ஆளாகத் தேர்வானார். அவருடைய பிட்ஸ்பர்க் கோச் கெவின் ஸ்டாலிங்ஸ்? 2016-ல் வாண்டர்பில்ட்டை விட்டு வந்தவர்.

2018 அக்டோபர் 15-ல் ரிலீஸ் ஒழிந்தது. இப்போது மாணவன் எழுத்தில் தெரிவித்தால் போதும், இரண்டு வேலை நாளுக்குள் 'டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்' என்ற தரவுத்தளத்தில் கல்லூரி பெயரை ஏற்றியாகணும். அதன்பின் யாரும் பேசலாம். 2021-ல் முதல் தடவை மாறுபவர் உட்கார வேண்டாம் என்றானது. இரண்டாம் தடவைக்கான பூட்டு மட்டும் மிச்சம்.

அதை உடைத்த கதையில் ராக்வான் பேட்டில் வருகிறார். வாஷிங்டனில் இருந்து மொன்டானா ஸ்டேட்டுக்கு ஒரு தடவை மாறியவர். 2023-ல் அங்கே கோச்சாக இருந்த டேனி ஸ்பிரிங்கிள் யூட்டா ஸ்டேட்டுக்குப் போனார். பேட்டிலும் மேற்கு வர்ஜீனியாவுக்கு மாறினார். இது இரண்டாம் முறை, உட்கார் என்றது என்.சி.ஏ.ஏ. டிசம்பரில் ஏழு மாநிலங்கள் வழக்குப் போட்டு, மேற்கு வர்ஜீனியா ஃபெடரல் நீதிமன்றம் விதியை நிறுத்திவைத்த பிறகுதான் அவர் களத்தில் இறங்கினார். அதே சீசன் முடிந்ததும் ஸ்பிரிங்கிள் மறுபடி மாறினார், பேட்டில் ஆரம்பித்த அதே வாஷிங்டனுக்கு! ஒரே வருஷ இடைவெளியில் இரண்டு மாற்றம், ஒரு ஆட்டமும் தவறவில்லை. 2024 ஏப்ரலில் என்.சி.ஏ.ஏ. படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாறலாம் என்று விதியையே மாற்றியது.

இப்போது கோச்சுகள் புலம்புகிறார்கள், அதில் உண்மையும் உண்டு. சிறிய கல்லூரி வளர்க்கிறது, பெரியது அறுவடை செய்கிறது. 2025-ல் பட்டம் வென்ற ஃபுளோரிடாவின் மூன்று முக்கிய கார்டுகளும் வெளியே வளர்ந்தவர்கள்: வால்டர் கிளேட்டன் அயோனாவில், வில் ரிச்சர்ட் பெல்மான்ட்டில், அலைஜா மார்ட்டின் ஃபுளோரிடா அட்லாண்டிக்கில். 2021 ஜூலை முதல் விளம்பர வருமானமும் அனுமதிக்கப்பட்டுவிட்டதால் மார்ச் முடிந்ததும் ஏலம் மாதிரித்தான்.

ஆனால் இந்தக் கதவு இரண்டு பக்கமும் திறக்கிறது, அதை கோச்சுகள் அதிகம் பேசுவதில்லை. சுமார் 360 முதல் பிரிவு ஆண்கள் அணிகளில் இருந்து ஒவ்வொரு வசந்தத்திலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் போர்ட்டலில் ஏறுகின்றன. எல்லாருக்கும் இடம் கிடைப்பதில்லை. பெயர் கொடுத்த மாணவனின் உதவித்தொகையை அந்தப் பருவம் முடிந்ததும் பழைய கல்லூரி நிறுத்தலாம் என்று 2018 விதியிலேயே எழுதியிருந்தது. அடுத்த வருஷம் உனக்கு ஆட வாய்ப்பு இல்லப்பா என்று அறைக்குள் கூப்பிட்டுச் சொன்னால் வேலை முடிந்தது. வெளியே வரும் செய்தியில் மாணவன்தான் விட்டுப் போனதாக இருக்கும்.