ஊர் திரும்பியவருக்கு ஊர் ஏன் அந்நியமாகத் தெரிகிறது?

வெளிநாட்டில் ஊருக்காக ஏங்கியவர், ஊர் வந்த சில வாரங்களில் அந்த நாட்டை நினைத்து ஏங்குகிறார். ஏன்?

அடுத்து நடக்கப்போவதை மூளை ஓயாமல் கணிக்கிறது. கணிப்பு பொய்க்கும்போதெல்லாம் கூடுதலாக உழைக்கிறது. டொரண்டோவுக்குக் குடிபோகிறவர் அதற்கு மனதைத் தயார்செய்துகொண்டே கிளம்புகிறார். மதுரைக்குத் திரும்பும்போது அந்தத் தயாரிப்பு இல்லை. எல்லாம் விட்டபடியே இருக்கும் என்று நம்பி வருகிறார். தெருவும் மாறியிருக்கும், அவரும் மாறியிருப்பார்.

அமெரிக்கா சென்றுவந்த நார்வே நாட்டு ஃபுல்பிரைட் உதவித்தொகையாளர்களை ஆராய்ந்த ஸ்வெர்ரே லிஸ்கோர்ட், வெளிநாட்டு வாழ்க்கைக்குப் பழகும் விதத்துக்கு 1955இல் ஒரு வடிவம் தந்தார்: முதலில் உற்சாகம், நடுவில் தளர்ச்சி, பிறகு மீட்சி. ஊர் திரும்பியபின் இதே இறக்கமும் ஏற்றமும் இன்னொரு முறை வரும் என்று 1963இல் கல்லஹார்ன் தம்பதி சேர்த்தனர். எல்லாருக்கும் இதே வரிசையில் வருவதில்லை என்பதும் உண்மை.

எல்லாம் அந்நியமாகத் தெரியும் அந்த நாட்களிலும் வாசனை மட்டும் தனி ரகம். பார்வையும் ஒலியும் மூளையின் இடைநிலையமான தலாமஸைக் கடந்தே மூளையின் மேற்பகுதிக்குப் போகும். மணமோ, உணர்ச்சியோடும் நினைவோடும் நெருங்கிய அமிக்டலா பகுதிக்கு நேரே போய்விடும். கறிவேப்பிலை தாளிக்கும் மணம் சட்டென்று கண்ணைக் கலக்குவதற்கு இந்தக் குறுக்குவழி ஒரு காரணம்.

வந்தவரைப் பார்த்து "நீ மாறிட்டே" என்று குறை சொல்லாதீர்கள். சில மாதம் பொறுங்கள். அவருடைய மூளை ஊரை மறுபடி படித்துக்கொண்டிருக்கிறது.