ராத்திரித் தூக்கமும் மாதவிலக்கு நிற்கும் காலமும்

"நடுராத்திரியிலே முழிப்புத் தட்டுது. உடம்பு கொதிச்சு வேர்த்துக் கொட்டுது. அப்புறம் பொட்டுத் தூக்கம் இல்லே." நாற்பத்தைந்தைத் தாண்டிய தாய்மார்கள் பலருக்கு இந்தத் தொல்லை உண்டு. "வயசானா இப்படித்தான்" என்று பொறுத்துக்கொள்கிறார்கள். தாய்மார்களே, பொறுக்க வேண்டியதில்லை. இதற்கு வைத்தியம் உண்டு.

12 மாதம் தொடர்ந்து மாதவிலக்கு வராவிட்டால் அது நின்றுவிட்டது என்று பொருள். பெரும்பாலோருக்கு 45 முதல் 55 வயதுக்குள் இது நடக்கும். அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு ஏறி இறங்கிக் குறையும். அப்போது உடம்புச் சூட்டைச் சீராக்கும் மூளைப் பகுதி தடுமாறும். அந்தச் சூடுதான் தூக்கத்தைக் கலைக்கிறது.

தூக்கம் கெட்டவர் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் ஏறுவதும், பால்வெட்டுக் கத்தியைப் பிடிப்பதும் ஆபத்து. ஆகவே இன்றே தொடங்குங்கள்:

• லீவு நாளிலும் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள்.

• தூக்கம் வந்த பிறகே பாயில் படுங்கள். 20 நிமிடம் போல் தூக்கம் வராவிட்டால் எழுந்து உட்காருங்கள். கண் சொக்கும்போது மறுபடி படுக்கலாம்.

• பகலில் நீண்ட தூக்கம் வேண்டாம். மத்தியானத்துக்குப் பின் தேத்தண்ணி, கோப்பி வேண்டாம்.

• பருத்தித் துணி உடுத்துங்கள். காற்றாடி ஓடட்டும்.

'இது என்ன வைத்தியம்?' என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 106 பெண்களைக் கொண்டு நடந்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. இத்தகைய தூக்கப் பழக்கங்களை 8 வாரத்தில் 6 முறை தொலைபேசியில் சொல்லிக்கொடுத்தார்கள். அவர்களின் தூக்கம் நன்றாகத் தேறியது.

அடுத்த வீட்டு அக்காவின் தூக்க மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள். பழகிவிட்டால் விடுவது கடினம். ராத்திரி எழும்போது தலைசுற்றி விழவும் கூடும்.

செர்டாங் அரசாங்க கிளினிக்கில் 1 வெள்ளிதான் கட்டணம். அங்கே "தூக்கம் வரலே" என்று மட்டும் சொன்னால் டாக்டருக்குப் பாதிதான் தெரியும். "சூசா தீடோர்" என்பதோடு "புத்துஸ் ஹைட்" என்றும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். சூடு அதிகமானால் ஹார்மோன் மருந்து நல்ல பலன் தரும். 60 வயதுக்குள், அல்லது மாதவிலக்கு நின்று 10 ஆண்டுக்குள் தொடங்குவது நல்லது. மார்புப் புற்றுநோயோ இரத்தக்கட்டோ கண்டவர்களுக்கு அது ஆகாது. டாக்டர் வேறு மருந்து சொல்வார்.

பலத்த குறட்டை இருந்தால் அதையும் சொல்லுங்கள். நின்று ஓராண்டுக்குப் பிறகு ரத்தம் பட்டால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள்.

கணவன்மார்களே, நீங்களும் கூடப் போங்கள்.